ராமேஸ்வரத்தில் ரோஸ் பனியன்

தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் மூடிவிட்டால் திருப்பூரில் எங்கள் நல்லூர்த் தெருவில் ஒரு வாரத்துக்குத் தையல் மிஷின் சத்தம் இருக்காது. வாடகைக்குக் குடியிருக்கும் தென் மாவட்டத்துக்காரர்கள் பையும் பட்டாசுமாக ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார என் வீட்டுக்காரரால் முடியாது. அப்படித்தான் ஒரு தீபாவளி விடுமுறையில் மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று வேன் பிடித்துப் போனோம். செல்போன் அப்போதுதான் ஆண்கள் சட்டைப் பைக்குள் வர ஆரம்பித்திருந்த சமயம். மகள் பிளஸ் ஒன் படித்தாள், மகன் எட்டாவது. எங்களோடு என் மாமனாரும் கொழுந்தனாரும் வந்தார்கள். கொழுந்தனார் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள்.

மற்ற ஊரெல்லாம் எங்களுக்காக. ராமேஸ்வரம் மட்டும் மாமாவுக்காக.

அந்தக் கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணறுகள் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது, கிணற்றுக்குக் கிணறு ருசி மாறும் என்று யாரோ மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தோட்டம் பார்த்தவர். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணீர் இறங்கி, மாடுகூட வாய் வைக்காமல் போனதற்குப் பிறகுதான் மகன்கள் இரண்டு பேரும் பனியன் தொழிலுக்கு வந்தார்கள். கிணற்றைப் பற்றி அவர் வீட்டில் பேசவே மாட்டார். ராமேஸ்வரத்துக் கிணறுகளைப் பற்றி மட்டும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விசாரிப்பார்.

"அத்தன கெணத்துலயும் எங்காலுல நடந்து போயித் தல நனைக்கோணும்" என்பார்.

அவர் கண்ணில்தான் பிரச்சினை. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இன்னொன்றில் புரை. அதை ஆபரேஷன் செய்ய யாரையும் விடவில்லை. ஆள் முகம் தெரியாது, நிறம் தெரியும். யாராவது கையைப் பிடித்தால் வெடுக்கென்று உதறிவிடுவார். எங்கள் வீட்டு வழக்கப்படி நான் அவர் எதிரில் நின்று பேசினதுகூட இல்லை. சோறு போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் ஒதுங்கிக்கொள்வேன். நான் போய்க் கையைப் பிடிப்பது என்ற பேச்சே இல்லை.

கொழுந்தனார் சொன்னார். "ஈரத்துல வழுக்கி உழுந்தா இடுப்பு ஒடிஞ்சுரும். அப்பா வேன்லயே உக்காந்துக்கட்டும். நாம பாட்டல்ல தீர்த்தம் புடிச்சாந்து தலைல தெளிச்சு உட்டா ஆச்சு."

"அதுக்கு நீ திருப்பூர்லயே கொழாயத் தொறந்து தெளிச்சு உடு. டீசலாச்சும் மிச்சமாவும்" என்றார் மாமா.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாமா யார் கையையும் பிடிக்காமல் நடக்கலாம். ஆனால் ஒரு இடத்தில் தடுமாறினாலும், வழி தப்பினாலும், அதற்கப்புறம் வேன்தான்.

இதற்குத்தான் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை செய்தார். எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொள்வது. மாமா அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்துவிடுவார்.

எந்த நிறம் என்பதில் ஒரு ராத்திரிச் சாப்பாடு முழுவதும் போனது. கறுப்பு என்றால் சபரிமலைக்காரர்களோடு கலந்துவிடும். பச்சை என்றால் பழனி. மஞ்சளும் சிவப்பும் அம்மன் கோயில்களுக்குப் போய்விட்டன. காவிக்கு நாட்டில் ஆளே குறைவில்லை. "அப்ப எந்தச் சாமிக்குமே வேண்டாத கலரா எடுங்கப்பா" என்றாள் மகள். எங்கள் யூனிட்டில் அப்படி ஒன்று இருந்தது. கண்ணைக் குத்துகிற ரோஸ். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டுக் கடற்கரைப் படம், அச்சு ஒரு பக்கமாகக் கோணிவிட்டதால் எடுக்க மாட்டோம் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானே செக்கிங் மேசையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிய பனியன்கள் அவை. வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் வீட்டுக்காரர் மூட்டையாகக் கட்டிக் காதர்பேட்டைக் கடைக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

"ஆம்பள போடற கலராங்கண்ணா இது?" என்று கொழுந்தனார் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் போட்டுக்கொண்டார். எனக்கு அதே ரோசில் ஒரு நைலக்ஸ் சேலை. மாமா மட்டும் எப்போதும்போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு.

அவிநாசிபாளையம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடைக்காரர் எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எந்தக் கோயிலுக்கு மாலைங்க?"

"ரோஸம்மன் கோயிலுக்குங்க" என்றார் மாமா. என் மகனுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

மதுரையில் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. அவ்வளவு பெரிய கோயில், அவ்வளவு கூட்டம், மாமா எங்கேயும் தடுமாறவில்லை. தூணைக் கையால் தடவிக்கொண்டு, ரோஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கொழுந்தனார் பத்தடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "என்னடா திரும்பித் திரும்பிப் பாக்கற? நீ முட்டிக்காமப் போ" என்று மாமாவின் குரல் வந்தது.

ராமேஸ்வரத்தில் காலையில் கடலில் முங்கிவிட்டு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் போனோம். கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்று, கயிறு கட்டிய வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். ஒரு கிணற்றில் ஊற்றியதும் அடுத்த கிணற்றுக்கு ஓட வேண்டும். ஊரே ஈரத்தோடு ஓடுகிறது. கல் தரையெல்லாம் தண்ணீர்.

முதல் கிணற்றில் மாமா தலையில் விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கினார். "இனிப்புத்தான்" என்றார். அடுத்ததில், "இது கொஞ்சம் சப்புன்னு இருக்குது, ஆனா நல்ல தண்ணி." அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. அப்போதுதான் மகள் சத்தம் போட்டாள்.

"அப்பா, சாயம் போவுது!"

கடலில் முங்கியபோது தெரியவில்லை, இப்போது எங்கள் எல்லோர் காலடியிலும் ரோஸ் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகன் உரசிக்கொண்டு நின்றதில் மாமாவின் வேட்டிகூட ஒரு பக்கம் ரோஸாகிவிட்டது. நிறம் மட்டும் அவருக்குத் தெரியுமே. குனிந்து பார்த்தார்.

"எங் கெணத்தோட நிக்காம இங்கயும் கொண்டாந்துட்டீங்களாடா" என்றார்.

வாளிக்காரர் அடுத்த கிணற்றுக்கு நகர்ந்தார், நாங்களும் ஓடினோம்.

ஐந்தாவதோ ஆறாவதோ கிணற்றில் இரண்டு கூட்டம் ஒன்றாக முட்டிக்கொண்டது. நெரிசல். தலையில் தண்ணீர் விழுந்து கண்ணைத் துடைத்துத் திரும்பினால் மாமா இல்லை.

கொழுந்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அண்ணனிடம் கத்தினார். "சாயம்போன பனியனப் போட்டுட்டு வந்தா அவரு எதப் பாத்து வருவாரு?" என் வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பி ஓடினார். கொழுந்தனார் கடற்கரைக்கு ஓடினார். வெளியே போயிருந்தால் கடல் பக்கம்தான் போவார் என்று நினைத்துக்கொண்டார் போல. மாமாவிடம் செல்போன் இல்லை. இவர்கள் போன்களும் வேனில் கிடந்தன. பிள்ளைகளை ஒரு தூணருகே நிற்க வைத்துவிட்டு நான் பிராகாரத்தில் நடந்தேன்.

நீளமான அந்தப் பிராகாரத்தில் நடக்க நடக்கத் தூண்தான் வருகிறது. எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்க வராது. பஸ்ஸில் ஊர் பெயரைச் சத்தமாகச் சொல்லி டிக்கெட் கேட்கவே கூச்சப்படுவேன். "பெரியவர் ஒருத்தரப் பாத்தீங்களா" என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவர் கடந்து போய்விட்டார். வேட்டி ஒரு பக்கம் ரோஸாக இருக்கும் என்று அடையாளம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் எங்காவது விழுந்து கிடந்தால் என்ற நினைப்பை மட்டும் கிட்டவே விடவில்லை.

கிணறுகள் எல்லாம் முடிந்து வெளியே வருகிற இடத்தில், தூரத்தில் ரோஸ் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டார் என்று ஓடினேன். பக்கத்தில் போனால் வேறு ஆட்கள். ஆனால் அதே ரோஸ், அதே கடற்கரைப் படம், அதே கோணல். நான் பிசிறு வெட்டிய பனியன்களேதான். அவர்கள் காலடியிலும் சாயம் ஓடிக்கொண்டிருந்தது.

சேலைமேல் துண்டு போர்த்தியிருந்த ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் திருப்பூரா?"

"ஆமாங்க. இந்தப் பனியன்..."

"காதர்பேட்டையில எடுத்தது. கூட்டத்துல பிள்ளைக தொலஞ்சிரக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒண்ணுபோல எடுத்தோம்." அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, திருப்பூரில் ஒரு கம்பெனியில் டெய்லர். என் சேலையைப் பார்த்துச் சிரித்தாள். "அப்போ அந்தத் தாத்தா உங்க ஆளா?"

"எங்கீங்க?"

அவள் தூணுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். மாமா உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். முழுக்க நனைந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"பாதியில எங்ககூடச் சேந்தாவ. நாங்க அடுத்த கெணத்துலயே கேட்டோம்லா, தாத்தா உங்க ஆளுக எங்கன்னு. முன்னால போறாவ, நீங்க நடங்க நடங்கன்னுட்டாவ. நல்ல நடை. எங்க மாமியா பின்தங்கிட்டாவ, இவுக பின்தங்கல."

நான் மாமாவைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு எதிரில் நின்று கேட்டேன்.

"நாங்க இல்லீன்னு தெரிஞ்சுதுங்களா மாமா?"

"பேச்சுல தெரியாதா அம்மிணி? 'வாருங்க, போவோம்'னா நம்மூட்டுல ஆரு பேசறாங்க?"

"அப்பறம் ஏனுங்க நிக்கல?"

"நின்னிருந்தா சின்னவன் வேன்ல கொண்டு போயி உக்கார வெச்சிருப்பானே" என்றார். துண்டை இன்னொரு முறை பிழிந்தார். "எல்லாக் கெணறும் ஆச்சு. ஒண்ணு உடல."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளைகளைக் கூட்டி வந்து, மகனைக் கடற்கரைக்கும் மகளை அவள் அப்பாவைத் தேடியும் அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர் வந்த பிறகு கொழுந்தனார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். காலெல்லாம் மணல். அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு, "வழி தப்புனா வேன்னு சொன்னமுங்கல்ல? வாங்க, போயி உக்காருங்க" என்றார்.

"நான் எங்கீடா வழி தப்புனேன்? கெணத்துக்கு வந்தேன், கெணத்துலயே இருந்தேன். நீங்கதான் கடக்கரை வரைக்கும் வழி தப்பிப் போயிருக்கறீங்க. நீங்க எத்தன கெணறு குளிச்சீங்க?"

என் மகன்தான், "அஞ்சோ ஆறோதான் அப்பாரு" என்று தாத்தாவுக்குப் பதில் சொன்னான்.

"சரியாப் போச்சு. மிச்சத்த ஆரு குளிக்கறது? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். வழியெல்லாம் எனக்குத் தெரியும்."

எழுந்து நின்று, பிழிந்த துண்டின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டார். மறுமுனையைக் கொழுந்தனார் பக்கம் நீட்டினார்.

"இதப் புடிச்சுக்கோ. நீ மறுக்காத் தொலஞ்சீன்னா ஓடித் தேட எனக்கு ஆவாது."

கொழுந்தனார் அந்த முனையைப் பிடித்தார். யாரை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. வழுக்கல் வந்த இடத்தில் துண்டு விறைத்தது, தாண்டியதும் தளர்ந்தது. ஒவ்வொரு கிணற்றிலும் நாங்கள் தண்ணீரை வாயில் வைப்பதற்கு முன்பே மாமா ருசியைச் சொல்லிவிட்டார். ஒன்றில், "இதுதான் நம்ம தோட்டத்துத் தண்ணி மாதிரியே இருக்குது" என்றார். என் வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரை மட்டும் இன்னொரு வாளி இறைக்கச் சொல்லிக் குடித்தார். எனக்கு ருசி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன்.

மறுநாள் திருச்செந்தூரில் ரோஸ் பனியனை யாரும் போடவில்லை. கோயில் வாசலில் கூட்டம் நெருக்கியபோது மாமா நின்றார். தோளிலிருந்து துண்டை எடுத்து, பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

"எங்கீடா அவன்? வந்து புடிச்சுக்கோ" என்றார்.

கொழுந்தனார் பூத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.