கிணறு இல்லாத பேய் வீடு

அந்தப் படத்தின் முதல் குறை, அதில் ஒருவரும் பயப்படவில்லை. இரண்டாவது குறை, அதைப் பார்த்த நாங்களும் பயப்படவில்லை. மூன்றாவது குறையை நான் தியேட்டரின் பார்க்கிங் லாட்டில் நின்று, ஐந்து குடும்பங்களுக்கு முன்னால், விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

தீம் பார்க் ஒன்றில் ஓடும் சவாரியை வைத்து எடுத்த படம். சவாரி என்றால் குதிரை, யானை எல்லாம் இல்லை. இருட்டான ஒரு பேய் வீட்டுக்குள் தண்டவாளத்தில் போகும் சின்ன வண்டி, இரண்டு பேர் உட்காரலாம். ஒன்பது நிமிடம் சுற்றிக் காட்டிவிட்டு நேராகப் பொம்மைக் கடைக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். அந்த ஒன்பது நிமிடத்தைத்தான் இரண்டு மணி நேரமாக இழுத்திருந்தார்கள். நாலு பேருக்கு வைத்த ரசத்தில் நாற்பது பேருக்குத் தண்ணீர் ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அமெரிக்காவில் எங்கள் சுகர் லேண்ட் ஊர்ப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்கு இவ்வளவு பேரையும் திரட்டிக்கொண்டு போனவன் நான்தான். தமிழ்ச் சங்க மலரில் சினிமா விமர்சனம் எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு. என் எழுத்தைப் பார்த்து அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் காலியாக இருந்தது, நானும் காலியாக இருந்தேன். ஆனால் இந்தப் படத்தைப் பொறுத்தவரை எனக்குத் தனித் தகுதி ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பே அந்தச் சவாரியில் போய் வந்தவன் நான். அதைப் பற்றி எத்தனை பாட்லக் விருந்தில், எத்தனை பிறந்தநாள் விழாவில் விளக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனேன், வந்தேன், ஆனால் எதையும் பார்க்கவில்லை. மடியின் மேல் கம்பி இறங்கியது, விளக்கு அணைந்தது, எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கேட்டது. நான் கண்ணை மூடியவன் பொம்மைக் கடை வெளிச்சம் வரும் வரை திறக்கவில்லை. பக்கத்தில் ஆறு வயதில் என் மகள். என் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாக ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தாள். "அப்பா, ஒரு லேடி தல சீவிட்டிருக்காங்க. அவங்க நைஸ் லேடி. அப்பா, இப்போ ஒரு நாய் வருது. வால ஆட்டுது."

ராட்டினத்தைப் பார்த்தாலே தலைசுற்றும் என் மனைவி பைகளோடு வெளியே காத்திருந்தாள். "குழந்த பயந்தாளா?" என்று கேட்டாள். "நான் கூட இருக்கேன்ல, எப்படிப் பயப்படுவா?" என்றேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இனி படம். நம்மூர்ப் பேய் என்றால் அதற்கு ஒரு நோக்கம் இருக்கும். கொன்றவனைத் தேடி வரும், கழுத்தைப் பிடிக்கும், வேலை முடிந்தால் போய்விடும். இந்தப் படத்துப் பேய்களுக்குப் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு பேய்கள் ஒவ்வொன்றாக வந்து, சோபாவில் உட்கார்ந்து, தங்கள் மனக்குறையைச் சொல்கின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸில் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்யச் சொல்வார்களே, அதே அலுப்பு. தலை சீவும் பெண்ணுக்கு மேக்கப்கூடக் கலையவில்லை. அந்த வீட்டுக்குக் குடிவரும் அப்பாவும் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கடைசியில் கட்டிப்பிடித்து அழப்போகிறார்கள் என்று பாப்கார்ன் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கே தெரிந்திருக்கும். நகைச்சுவைக்கு ஒரு பாதிரியார். ஒரே நிலைப்படியில் மூன்று தடவை தலையை இடித்துக்கொள்கிறார்.

சவாரியில் உள்ள பொருள் ஏதாவது வந்துவிட்டால் கேமரா அங்கே நின்று கும்பிடு போடுகிறது. ஆடும் நாற்காலி வந்தது, தியேட்டரில் கைதட்டினார்கள். நாற்காலிக்குக் கைதட்டிய கூட்டத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இடைவேளை கிடையாது என்பதால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் தாங்களாகவே ஓர் இடைவேளை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கதையில் எதையும் தவறவிட்டதாக ஒருவரும் வருத்தப்படவில்லை.

படம் முடிந்து வெளியே வந்ததும் வழக்கம்போல் கார்களுக்கு நடுவே வட்டமாக நின்றோம். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மூணாவது குறை, படம் அந்த ரைடுக்கு உண்மையா இல்ல. ஒரு கிணறு காட்டுறாங்க, உள்ளேர்ந்து கை கையா வருது. ரைடுல கிணறே கிடையாது. ஆனா அங்க அழகா ஒரு நாய் வரும், வால ஆட்டிக்கிட்டு. அதத் தூக்கிட்டாங்க."

ஈரோட்டு நண்பர் ஒருவர் தலையைச் சொறிந்தார். சாது, யாரையும் மறுத்துப் பேசமாட்டார். "இல்லீங்க, கெணறு இருக்குதுங்க. போன ஸ்பிரிங் பிரேக் லீவுல தானுங்க போயிட்டு வந்தோம். அதுலருந்து வந்த கை எங்க வீட்டம்மா தலமுடியவே தொட்டுப்போட்டுது. நாயி ஒண்ணையும் நாங்க பாக்கலீங்களே."

"புதுசா வச்சிருப்பாங்க" என்றேன்.

"பாப்பாவக் கேட்டாத் தெரிஞ்சு போகுது. நீயும் அப்பாகூடப் போனியல்ல கண்ணு? கெணறு இருந்துச்சா?"

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நண்பரின் மகளும் அவளும் ஒரே வகுப்பு, பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவில் ஒரே வரிசையில் கிளாரினெட் வாசிப்பவர்கள். அடுத்த மாதம் பேண்ட் பிள்ளைகள் எல்லோரும் அதே பார்க்குக்குப் போகிறார்கள். அந்தச் சவாரியில் இருவரும் சேர்ந்துதான் உட்காருவது என்று பல நாளாகத் திட்டம். மகள் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியல அங்கிள். நான் ஃபுல்லா கண்ண மூடிட்டிருந்தேன். அப்பாதான் என்ன வருதுன்னு சொல்லிட்டே வந்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நண்பரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "ஓ. அப்போ ட்ரிப்ல நான் வேற யார்கூடயாவது போய்க்கிறேன்" என்றாள். என் மகள் சரி என்று தலையாட்டினாள். அந்த நொடியில் நான் பேசியிருக்க வேண்டும். நான் நான்காவது குறைக்குப் போனேன்.

காரில் ஏறியதும் மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். ஃப்ரீவேயை ஒட்டிய சாலையில் சிக்னலுக்கு நின்றபோது பொறுக்கமுடியாமல் திரும்பிக் கேட்டேன்.

"கிணறு நிஜமாவே இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க ஏற்கனவே ஷேக் ஆயிட்டிருந்தீங்க அப்பா. அதான் ஸ்கிப் பண்ணிட்டேன்."

"அப்ப நாய்?"

"நாய் இல்ல. நான் ஆட் பண்ணேன். உங்களுக்கு நாய்னா பிடிக்கும்ல."

என் மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்போ ஆறு வருஷமா எல்லார்கிட்டயும் அளந்து விட்டீங்களே, அதெல்லாம்?"

"இவ சொன்னது" என்றேன்.

மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரிய ஸ்டுடியோ, நூறு பேர், இரண்டு மணி நேரம். பயந்தாங்கொள்ளியும் நம்பி ரசிக்கும்படி ஒரு பேய் வீட்டைச் சுற்றிக் காட்ட அவர்களால் முடியவில்லை. ஆறு வயதுக் குழந்தை இருட்டில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறாள். ஆறு வருடம் அதை வெளியே சொல்லவும் இல்லை. இன்றைக்கு என் பயத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, சிநேகிதியின் பக்கத்து சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அப்படியொரு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

பச்சை விழுந்ததும் ஃப்ரீவேயில் ஏறாமல், பாலத்துக்கு அடியில் இருக்கும் யூ-டர்ன் பாதையில் வண்டியைத் திருப்பினேன்.

"வீடு அந்தப் பக்கம்" என்றாள் மனைவி.

"தெரியும்."

அவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். 'சரி, கிளம்பலாம்' என்று சொன்ன பிறகு முக்கால் மணி நேரம் நிற்காமல் நம் ஆட்கள் கிளம்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நான் திரும்பினேன். கண்ணாடியை இறக்கினேன்.

"கண்ண மூடிட்டிருந்தது இவ இல்ல. நான். இவதான் ஒண்ணு விடாம பாத்து எனக்குச் சொல்லிட்டு வந்தா. அப்போ இவளுக்கு ஆறு வயசு."

பிறகு எழுந்த சிரிப்பில் கால்வாசிகூட அந்தப் பாதிரியாருக்குத் தியேட்டரில் கிடைக்கவில்லை. ஈரோட்டு நண்பர் மட்டும் கவலையோடு குனிந்து, "அப்ப அந்த நாயிங்க?" என்று கேட்டார்.

"நாயும் இல்லீங்க."

நண்பரின் மகள் பின் ஜன்னலுக்கு வந்து, "அப்போ ரைடுல ஒண்ணா?" என்றாள். என் மகள் தோளைக் குலுக்கி, "ஓகே" என்றாள். அவர்கள் வயதில் அதுவே பெரிய ஒப்பந்தம்.

திரும்பி ஃப்ரீவேயில் ஏறியபோது நான் சொன்னேன். "அன்னைக்கு விட்டதெல்லாம் இப்போ சொல்லு."

"ஷ்யூரா? ஃபுல்லா?"

"ஃபுல்லா."

அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு, முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். ஆறு வயதில் பேசிய அதே தாழ்ந்த குரலில், காதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தாள்.

"முதல்ல அந்தத் தல சீவுற லேடி. அவங்களுக்கு முகமே கிடையாது அப்பா."

அறுபத்தைந்து மைலில் போய்க்கொண்டிருந்தேன். இருபுறமும் லாரிகள். கண்ணை மூட வழியில்லை.