பேணித் தகட்டு லொறி

இடம்பெயர்ந்து சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நாங்கள் தங்கிய வகுப்பறையின் மறுமூலையில் ஒரு லொறிச் சாரதி இருந்தார். மெலிந்தவர், நரைத்த தாடி. ஷெல் விழுந்து எரிந்துபோன தன் லொறியைப் வெறும் பால்மாப் பேணிகளை வெட்டியெடுத்த தகட்டில் முழநீள மாதிரியாகச் செய்துகொண்டிருந்தார். தலைக்கு மேல் பொம்மர் விமானம் இரையும்போதும் கையிலிருந்த அரம் நிற்காது.

"பொனற்றை மூடினால் ஆருக்கும் தெரியாது. உள்ளுக்கு ஏன் அண்ணை எஞ்சின்?" என்று கேட்டேன்.

"எரியேக்கை எஞ்சினும் சேர்ந்துதானே எரிஞ்சது?" என்றார்.

சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்ட அன்று அவரை அவசரப்படுத்தினேன்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ தம்பி. ஸ்ரியறிங்கைத் திருப்ப முன்சில்லு திரும்புதில்லை. சரிக்கட்டிப்போட்டு வாறன்," என்றார், தலை நிமிராமல்.

வழிநெடுக நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவர் வரவில்லை. அவர் தப்பினாரா என்று எவரிடமும் கேட்க எனக்கு இன்னும் துணிவில்லை. அந்தச் சில்லு திரும்பியதா என்றுதான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.