அப்பா என்று நான் புதைத்த காகம்

பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய செத்த காகத்தை நான் புதைத்துவிட்டேன். படிவத்தில் 'பறவை கிடைக்கவில்லை' என்று எழுதினேன். பொய்!

நீங்கள் சிரிக்கலாம். ஒரு காக்கைக்கா இத்தனை புலம்பல்? முழுவதையும் கேளுங்கள்...

மலேசியாவில், ஈப்போவில் சுகாதாரத் துறை வேலை எனக்கு. கொசு பரப்பும் கிருமி சில சமயம் மனிதரைத் தொடுமுன்பே பறவைகளைக் கொன்றுவிடும். செத்த பறவையில் அது தெரிந்தால் அந்த இடத்துக்குப் புகை அடிக்க வண்டி போகும்.

அன்று ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படைத்த சோற்றை மதிலில் வைத்துக் காத்திருந்தேன். ஒரு காகமும் வரவில்லை. கடைசி நாள்களில் அவரை எட்டிப் பார்க்காத மகன் நான். கோபம் தீரவில்லை போலும் என்று வேலைக்குப் போனேன்.

சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட தோட்டம். பழைய தொழிலாளர் லயத்து வீட்டில் இருக்கும் சரசு அக்காதான் அழைத்திருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் காகம் கிடந்தது.

"சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க தம்பி. சின்னப் புள்ள இருக்கிற வீடு லா, பயமா இருக்கு."

ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அப்பாவையா அறுக்கக் கொடுப்பது? படித்தவன் நான்! ஆனாலும் செம்பனை மரத்தடியில் குழி தோண்டினேன். என் மதியச் சோற்றில் ஒரு பிடி வைத்து மூடினேன். அழுதேன். மனம் லேசாகிவிட்டது... அதை நினைத்தால்தான் இன்று உடம்பு கூசுகிறது.

மூன்று வாரத்தில் அக்காவின் மகளுக்கு மூளைக்காய்ச்சல். ஆறு வயது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் நடப்பதில்லை, அம்மா என்றுகூடச் சொல்வதில்லை.

அந்தக் காகத்தில் கிருமி இருந்ததா? தெரியாது. தெரியாதபடி செய்தவனே நான்தானே!

போன மாதம் அக்காவைப் பார்த்தேன். மகளுக்குக் கஞ்சி ஊட்டியபடியே கேட்டார்.

"அந்தக் காக்காவுல ஒன்னும் இல்லன்னுதானே ரிசல்ட் வந்துச்சு தம்பி? ஒரு நாள் லேட்டா போன் பண்ணிட்டேன்... என்னாலதானோன்னு தூக்கமே இல்ல."

"ஒன்னும் இல்லக்கா," என்றேன்.

முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது. அவருக்காகச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். இல்லை... எனக்காகத்தான்.

"நீங்க நல்லா இருக்கணும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குழி தோண்டிய கை அது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.