செவ்வாய் கிரகத்துக்காக வாங்கிய ஐஸ் பாளம்

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாத ஞாயிறு. நண்பன் சேகர் மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹாலில் பேச இருந்தான். விண்கலம் எடுத்த படங்களில் செவ்வாயின் துருவப் பனி அடுக்குகள் வளைந்து கிடந்தன. இமயத்துப் பனிப்பாறை போல அதுவும் மெல்ல நகர்ந்ததற்கு இது சான்று என்று சிலர் சொல்லிவந்தார்கள். கெட்டி ஐஸ் எப்படி நகரும்? அழுத்தினால் அசைந்து கொடுக்கும் என்று காட்ட முழு ஐஸ் பாளம் ஒன்று வேண்டும் என்றான். அவன் அப்பா அப்போது சயானில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சைத் தள்ளிப்போடாதே என்று சொன்னதே அவர்தான்.

நான் செம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து அவனோடு சேர்ந்துகொண்டேன். தாராவி ஓரத்து ஐஸ் பேக்டரியில் பாளம் கிடைத்தது. டாக்ஸிக்காரர்கள் அதைப் பார்த்ததும் நழுவினார்கள். பம்பாயில் முழுப் பாளம் வீட்டுக்குப் போகிறதென்றால், ஊரிலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை இறந்துபோன யாரையோ ஐஸில் கிடத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

கடைசியில் வந்தவர் கைவண்டிக்காரர் காதர், திருநெல்வேலிக்காரர்.

"யாருக்கு அண்ணாச்சி? பெரியவருக்கா?"

"யாருக்கும் இல்ல. செவ்வாய் கிரகத்துல ஐஸ் நகருமான்னு காட்டுறதுக்கு" என்றேன்.

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மனசத் தேத்திக்கிடுங்க. இதுக்கெல்லாம் நான் கூலி பேச மாட்டேன்."

ஹால் திறக்க நேரமிருந்ததால் பாளத்தை அதுவரை சேகர் வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. மூன்று கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். வண்டி சேகரின் தெருவில் திரும்பியதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு முன்னால் மாடிக்கு ஓடியிருக்கிறார். நாங்கள் ஏறிப் போனபோது கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். சேகரின் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்போடா போனார்? என்னண்டை ஏன் சொல்லலை?"

ஐயோ, அந்தக் குரல்!

"அப்பா நன்னா இருக்கார்மா! இது லெக்சருக்கு!"

"பொய் சொல்லாதே."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. டாக்ஸி பிடித்து மூவரும் சயானுக்குப் போனோம். சேகரின் அப்பா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மாமி அத்தனை பேர் முன்னால் அவர் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

"லெக்சர் முடிஞ்சுதா?" என்றார் அவர்.

அன்று பேச்சு நடக்கவில்லை. அடுத்த மாதம் ஐஸ் இல்லாமல், வெறும் படங்களோடு நடந்தது. எட்டாத கிரகத்தில் வளைந்த கோட்டைப் பார்த்து நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். பாளத்தைப் பார்த்து மாமி ஒரு முடிவுக்கு வந்தாள். சான்று என்ற சொல்லே அதன்பிறகு எனக்குப் பயமாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: சயானிலிருந்து மாட்டுங்கா ரயிலில் ஒரே ஸ்டேஷன். ஐஸோடு என்றால் கைவண்டிதான். மரத்தூளும் கோணியும் போட்டு மூடுங்கள். முதலில் வெறுங்கையோடு ஓர் ஆளை அனுப்பி, எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும், மாமி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். எனக்குப் பின்னால் யாராவது எதையாவது தூக்கி வருகிறார்களா என்றுதான் பார்ப்பாள்.