அவர் கை ஓங்கவே இல்லை

ஒன்பது வருடக் கல்யாணத்தை விட்டு அம்மா வீட்டுக்கு வந்தபோது என் வலது காது பாதிதான் கேட்டது. விவாகரத்து கிடைத்த பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். பூந்தமல்லியிலிருந்து கம்பெனி வேன். சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவள் நான் என்பதால் முன்சீட்டு எனக்கு.

வேன் ஓட்டியவர் பக்கத்திலிருக்கும் நூம்பல் ஊர்க்காரர். மனைவியை இழந்தவர், அக்காவோடு இருந்தார். அவர் ஏதாவது சொன்னால் எனக்குக் காதில் விழாது. ஒருநாள் காரணம் கேட்டார், சொன்னேன். அதன்பிறகு வண்டி நின்றால்தான் பேசுவார், முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு. மெட்ரோ வேலைக்காகச் சாலையெல்லாம் தடுப்பு போட்டிருந்த சமயம். வண்டி அடிக்கடி நின்றது. நிறையப் பேசினோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனதை நானே நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கல்யாணப் பேச்சுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பரிமாறிக்கொண்டிருக்க, என் தலைக்கு மேலிருந்த அலமாரியிலிருந்து டம்ளர் எடுக்க அவர் கையை நீட்டினார். இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு நான் சுவரோடு சுருண்டுவிட்டேன்.

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டு மெல்ல என் எதிரில் உட்கார்ந்தார்.

"இங்க யாரும் உன்ன அடிக்க மாட்டாங்கமா."

"எனக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரியலியே" என்றேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் காத்திருந்தார். எதை எடுப்பதானாலும் சொல்லிவிட்டு எடுப்பார். கியர் மாற்றக்கூட மெதுவாகத்தான் கையைக் கொண்டுபோவார். ஒருமுறை வேலப்பன்சாவடியில் குறுக்கே பைக்கில் வந்தவனைப் பார்த்து அவர் சத்தம் போட்டதும், கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு பின்னாலேயே வந்தவர், தொடாமல், நாலடி தள்ளியே நின்றார். அழுதிருந்தார்.

"உங்கூட இருக்கசொல்ல என் கையப் பாத்தா எனக்கே பயமா கீது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

ஒரு நல்ல மனுஷனை, செய்யாத தப்புக்காகத் தினமும் தலைகுனிய வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த மாதம் அவர் ஆவடி ரூட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா, இனிமேல் யார் வருவார்கள் என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

சில வருடங்கள் கழித்து, போன மாதம் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. கூட யாரும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார், தலையாட்டினேன். இன்னும் ஏதோ சொன்னார். பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.