ஒட்டாத போட்டோ

தலைவர் எனக்காக நிரப்பிய அரசு ஐடிஐ விண்ணப்பம் என் மேசைமேல் கிடக்கிறது. என் பெயர், பிறந்த தேதி, 'லேத்தில் பதினெட்டு வருட அனுபவம்' எல்லாம் அவருடைய குண்டு குண்டான எழுத்து. போட்டோ ஒட்டும் கட்டம் மட்டும் காலி. தலைவர் என்றால் ஓசூரில் எங்கள் கம்பெனிச் சங்கத்தின் தலைவர். உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர், என் பக்கத்து மிஷின்காரர்.

ஐடிஐ என்றாலே எங்கள் சங்கத்துக்கு ஆகாது. அங்கிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களை நம் இடத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று கேட்டில் கோஷம் போட்டதில் அவர்தான் முதல் ஆள். கம்ப்யூட்டர் லேத் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவரே மாறினார். "கேட்ட மறிச்சு என்னப்பா ஆகப்போவுது? நாமளே அங்க போயி கத்துக்கிட்டு வந்துரலாம். சாயந்தர வகுப்பு நடத்த ஒத்துக்கிட்டாங்க" என்றார். என்னிடம் போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தார். "நாளைக்குத் தரேன் தலைவரே" என்று ஒரு வாரம் ஓட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை கவிழ்ந்தவன் நான். பரீட்சை என்று கேட்டாலே கால் தானாகக் கழிப்பறைப் பக்கம் திரும்பும்.

கேட் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் எழுந்தேன். "தலைவரே, டவுசர் நாம தெச்சுக்கணுமா, கவர்மென்ட்டே குடுக்குமா?" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பெஞ்சு மேல ஏத்துனா முட்டி தாங்காதுப்பா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்குமுன் கை தூக்கச் சொன்னார்கள். வகுப்புக்கு ஆதரவாக நான்கு கை. என் கை சட்டைப் பையில், ஒருவழியாக அன்று காலை எடுத்துவந்த போட்டோவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீங்க மட்டுமாவது போங்க தலைவரே" என்று பிறகு தனியாகச் சொன்னேன். "சங்கம் வேணாம்னுருச்சு. நான் மட்டும் போனா அப்பறம் என்னா தலைவரு?" என்றார். புது மிஷின்கள் வந்தன. எங்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைந்த கை, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டியது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டீ நேரத்தில் என் ஜோக்குக்கு எல்லாருக்கும் முந்தி அவர்தான் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் மனைவி இந்தத் தாளை நீட்டினார். "உங்க பேரு இருந்துச்சுங்க. வீசக்கூடாதுன்னு வெச்சிருந்தாரு." வழக்கம்போல ஏதாவது ஜோக் அடித்துத் தப்பிக்கப் பார்த்தேன். கடைசியில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்த போட்டோ இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துக் கட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.