பலகையிலிருந்து இறங்கிய பெயர்கள்

செவ்வாய்க்கிழமை காலை செராஸ் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து ரொஹானி. தொழிற்சாலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்கிறவர்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் அழைத்ததே இல்லை. மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னாள். பாக்கியம் விடியற்காலையில் போய்விட்டாள். மத்தியானம் மேருவில் அவள் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள், உடனே கிளம்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தொழிற்சாலையில் எங்கள் நாலாம் வரிசையில் வேலை செய்த பெண்கள் பாதிப் பேர் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பாக்கியத்தின் மூத்த மகளிடம், அம்மாவுக்கு என்ன நோய், எத்தனை நாளாக என்று விசாரித்தார். அந்தப் பெண் அழுத முகத்தோடு பதில் சொன்னாள்: "அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க ஆன்டி." கேட்டவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் நாலைந்து பேர், அது சாவு வீடு என்பதையும் மறந்து, சிரித்துவிட்டோம். ஏன் சிரித்தோம் என்பது அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தனபாக்கியம் என்பது அவள் முழுப்பெயர். எழுபதுகளின் கடைசியில், தெலுக் பங்லிமா காராங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில், அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வயது. கிள்ளானிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரே இருக்கை. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருப்போம். அரிசியில் பாதி அளவுள்ள சிலிக்கான் சில்லில், தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்ட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்ய முடியும். பாக்கியம் மட்டும் பேசிக்கொண்டே செய்வாள். பிடிவாதக்காரி. கொண்டுவந்த மிளகாய்ச் சம்பாலில் ஒரு கரண்டி கேட்டால்கூட யோசிப்பாள். பஸ்ஸில் ஜன்னல் இருக்கையை எனக்கு ஒரு நாளும் விட்டுக் கொடுத்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் கேண்டீன் தொலைக்காட்சியில் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஏழு பேரோடு கிளம்பிய அமெரிக்க விண்கலம் சற்று நேரத்தில் வானத்திலேயே வெடித்துச் சிதறிப்போனது. அதில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் இருந்தார் என்றதும் பல பேர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார்கள். பிறகு வழக்கமான பேச்சு கிளம்பியது. இங்கே மழை பெய்தால் மேருவில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது, மனுசனுக்கு வானத்தில் என்ன வேலை என்று ஒருத்தி கேட்டாள். பாக்கியம் விடவில்லை. சாக்கடையும் கட்டலாம், மேலேயும் போகலாம், இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். எங்களில் சின்னவளான ஒரு பெண், நாம் செய்த சில்லு ஏதாவது அதற்குள் இருந்திருக்குமோ என்று பயந்துபோய்க் கேட்டாள். நம்முடையது ரேடியோவுக்கும் கால்குலேட்டருக்கும்தான் போகிறது என்று சூப்பர்வைசர் சமாதானம் சொன்னார்.

அவர் போன பிறகு பாக்கியம் சொன்னாள்: "எங்க போகுதுன்னு நமக்கு யாரும் காட்டினதில்ல. எல்லாமே மேல போகுதுன்னு நெனச்சுக்கிட்டு செஞ்சுட்டா போச்சு."

அன்று முதல் எங்கள் வரிசையில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. கம்பி சரியாக ஒட்டவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவள், "இது மேல போகுதுலா" என்பாள். மறுபேச்சில்லாமல் பிரித்து ஒட்டுவோம். எங்கள் வரிசையில் கழிவு குறைந்தது. அந்தப் பெயரில் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். பாக்கியம் கோபப்படவில்லை. வாய் அதிகமுள்ளவளை யார் லீடர் ஆக்குவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

பிறகுதான் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. எங்கள் வருகை, விடுப்பு எல்லாம் அதில் ஏறின. தொழிற்சாலையிலேயே ஒரு சிறு கிளினிக் இருந்தது. அங்கே நர்ஸ் எழுதி வைக்கும் குறிப்பும் அதில் ஏறியது. பொய் லீவு எடுப்பதைக் குறைப்பதற்காக யாரோ ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை தோறும் நீளமான ஒரு தாள் அச்சாகி வரும். போன வாரம் யார் வரவில்லை, எத்தனை நாள், என்ன காரணம் என்று அதில் இருக்கும். அதைக் கேண்டீன் வாசல் பலகையில் குத்த வேண்டும். எங்கள் பகுதித் தாளைக் குத்தியவள் நான். இதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு வாரமும் நான்தான் குத்தினேன்.

முதல் வாரமே பாக்கியம் என்னிடம் வந்தாள். வயிற்றுவலி, மாதவிலக்கு, மூலம் என்று பெண்களின் பெயருக்கு நேராகப் போட்டு ஆம்பளைங்க நடக்கிற வாசலில் தொங்கவிடுகிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா என்று கேட்டாள். கணினி கொடுப்பதை நான் ஒட்டுகிறேன், அவ்வளவுதான் என்றேன்.

"கம்பியூட்டர் தானா எதையும் செய்யாது சுசி. யாரோ ஒருத்தர் செய்யச் சொல்லியிருக்காங்க. அது யாருன்னு கேளு."

நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், லீடர் என்பதால் கொஞ்சம் கூடுதல் சம்பளம். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எளிதாக இருந்தது.

சில வாரங்களில் அது நடந்தது. எங்கள் வரிசைப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை மகள் அதே தொழிற்சாலையில் வேறு பகுதியில் வேலை செய்தாள். பலகையில் இந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக இருந்ததைப் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். இரண்டே நாளில் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன நோய் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாக்கியம் என்னை மன்னிக்கமாட்டாள். மருந்து சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும் ஒன்று, ஆனால் நம் ஜனங்கள் பெண் வீட்டில் அதைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார்கள். இதைச் சொன்னால் போதும்.

அவள் வேலைக்கு வரவில்லை. பாக்கியம் அவள் வீட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனாள். மூன்றாவது வாரம் அவளைக் கையோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தாள். அன்று பஸ்ஸில் பாக்கியம் ஒரு தாளை நீட்டினாள். ரொஹானி அழகான மலாயில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நிர்வாகத்துக்கு விண்ணப்பம். பட்டியலை நிறுத்துங்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பட்டியல் எல்லாருக்கும் நன்மை தருவது என்பதால் மேனேஜர்கள், இஞ்சினியர்கள், அலுவலக அதிகாரிகள் ஆகியோர் கிளினிக்குக்குப் போன நாளையும் காரணத்தையும் அதில் சேர்த்து அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று இருந்தது.

முதல் கையெழுத்தைப் போட்டவள் அந்தப் பெண். அதன் பிறகு யாரால் மறுக்க முடியும்? தாள் முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்குப் போனது. தமிழ், மலாய், சீனப் பெண்கள் எல்லாரும் போட்டார்கள். மறுநாள் அடுத்த பஸ்ஸில், அதற்கடுத்த நாள் பந்திங் பக்கம் போகும் பஸ்ஸில். எங்களுக்கு யூனியன் கிடையாது. கையெழுத்துப் போட்டால் வேலை போகலாம் என்று எல்லாருக்கும் தெரியும். என் மடிக்குத் தாள் வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாக்கியம் அதை எடுத்து அடுத்தவளிடம் நீட்டினாள்.

அடுத்த வாரம் பாக்கியத்தை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். லீடர் என்பதால் என்னையும். அறையில் வெளிநாட்டு மேனேஜர், பணியாளர் பிரிவு அதிகாரியாக இருந்த தமிழர் ஒருவர், கணினியைப் பார்த்துக்கொள்ளும் சீன இளைஞர். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, பாக்கியத்துக்கு ஆங்கிலம் வராது. அதிகாரிதான் மொழிபெயர்ப்பு.

"மேனேஜர் பேரெல்லாம் எதுக்கும்மா கேக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"எங்க பேரு எதுக்கு சார்?"

பொய் லீவைத் தடுக்க என்று அவர் விளக்கினார். பாக்கியம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேனேஜர் பொய் லீவு எடுக்க மாட்டாரு, எனக்கும் தெரியும். அப்ப அவரு பேரைப் போடுறதுல என்ன சார் கஷ்டம்?" என்றாள்.

மேனேஜர், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அதிகாரி, தொழிலாளர்கள் கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலப் பள்ளிப் படிப்பு. என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை சார் என்று சொல்லி, அவள் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தத் தாளைக் குத்தியவள் நான், இனிமேல் குத்தமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பாக்கியம் திரும்பி என்னைப் பார்த்தாள். பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பியதற்கு அந்தப் பார்வையோடு கணக்குத் தீர்ந்தது.

மேனேஜர் சற்று யோசித்தார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டியலை எடுத்துவிடலாம் என்றார். அதிகாரி எழுந்துவிட்டார், நானும் எழுந்தேன். பாக்கியம் எழவில்லை.

"பலகையிலேருந்து எடுத்துடுவீங்க. கம்பியூட்டருக்குள்ள இருக்கா, இல்லையா?"

நான் மொழிபெயர்த்தேன். சீன இளைஞர் நேர்மையானவர். உள்ளே இருக்கிறது, பணியாளர் பிரிவில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றார். எல்லாருடையதுமா என்று பாக்கியம் கேட்டாள். எல்லாருடையதும் என்றார். மேனேஜர் மெதுவாக அவர் பக்கம் திரும்பி, "என்னுடையதுமா?" என்று கேட்டார். "ஆமாம் சார்" என்றார் இளைஞர். மேனேஜரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவர் கிளினிக்குக்கு எதற்குப் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் விரும்பவும் இல்லை.

அந்த வாரமே காரணம் என்ற பகுதி கணினியிலிருந்து போனது. இனிமேல் அது நர்ஸின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும், பூட்டிய மேசைக்குள் இருக்கும். பாக்கியம் அதையும் வாய்வார்த்தையாக நம்பவில்லை, பார்க்க வேண்டும் என்றாள். அந்த இளைஞர் எங்கள் இருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குளிரூட்டிய அறைக்குள் அழைத்துப் போனார். பாக்கியத்தின் நம்பரைத் தட்டினார். பெயர் வந்தது, நாள் வந்தது, காரணம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. என் நம்பரைத் தட்டச் சொன்னாள். ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் நம்பர். ஒன்றுமில்லை. பச்சை எழுத்துகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கறுப்பு இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள். இதை மாற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, யாரும் இதுவரை கேட்கவில்லை என்றார் அவர்.

நாங்கள் வரிசைக்குத் திரும்பியபோது யாரும் கை தட்டவில்லை. வேலை நேரத்தில் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஆனால் யாரோ ஒருத்தி கையிலிருந்த இடுக்கியால் மேசையில் மெல்லத் தட்டினாள். பக்கத்தில் ஒருத்தி தட்டினாள். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே வரிசை முழுக்கத் தட்டினார்கள். அடுத்த வரிசையும் தட்டியது. அந்தப் பெரிய கூடம் முழுவதும் மழை ஆரம்பிப்பது போல ஒரு சத்தம். பாக்கியம் தன் இடத்தில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்தாள். அந்தப் பெண் தலை நிமிர்ந்து, அழுதுகொண்டே, தானும் தட்டினாள். அவள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். நல்லபடியாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்ல அவளிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அதன் பிறகு பாக்கியத்துக்குக் கணினிப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாற்பது வயதில், சனிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வகுப்பில் போய்ப் படித்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவள் மகள்கள் வயது. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது அந்தப் படிப்பை வைத்துத்தான் கிள்ளானில் ஒரு மகப்பேறு கிளினிக்கில் வேலை வாங்கினாள். அங்கே பால்மாவு விற்கும் ஒருவர், குழந்தை பெற்றவர்களின் பெயரும் விலாசமும் வேண்டும், டிஸ்கெட்டில் போட்டுக் கொடுங்கள் அக்கா, பதிலுக்கு ஒரு பெட்டி நிறையப் பால்மாவு தருகிறேன் என்றாராம். வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள், வருகிறவர்களிடம் நீங்களே கேளுங்கள், யார் சரி என்கிறார்களோ அவர்கள் விலாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு இரண்டு விலாசத்தோடு போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட செய்தி வந்த அன்று எனக்கு அவளிடமிருந்து போன் வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "போயிருச்சு சுசி, நம்மளுது" என்றாள், அவளே ஒட்டி அனுப்பியதைப் போல.

பாக்கியத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது என்ன என்று, அவளை எடுத்த மறுநாள் முழுவதும் யோசித்தேன். போன சனிக்கிழமை விடை தெரிந்தது. செராஸில் புதிதாகத் திறந்த ஒரு வீடியோ கடையில் உறுப்பினராகச் சேரப் படிவம் கொடுத்தார்கள். அடையாள அட்டை நம்பர், கணவரின் வேலை, பிள்ளைகளின் வயது என்று மூன்று வரி. எழுதத் தொடங்கிய கை தானாக நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, படம் எடுத்துப் போக இதெல்லாம் எதற்கு என்று கடையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் முதலாளியைக் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. வெளியே வந்து, தேவையில்லை ஆன்டி என்று அந்த மூன்று வரியையும் தன் கையாலேயே அடித்துக் கொடுத்தாள்.

எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பெரியவர், தன் படிவத்தை முழுவதும் எழுதி முடித்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கினார்.